மெஷினுக்கு முன்னால் கிடந்த பலகை

அன்புள்ள நைனா,

இந்தக் கடிதத்தை உன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். விசேஷம் ஒன்றும் இல்லை. வீட்டில் எனக்கு இருக்கிற கைலி, வேட்டி, பேண்ட் எல்லாமே ஈரமாகக் கொடியில் தொங்குகின்றன. நேற்று முழுக்க மழை. இன்று காலை தண்ணீர் லாரி வந்தபோது வேறு வழியில்லாமல் இதையே கட்டிக்கொண்டு இரண்டு குடத்தோடு தெருவில் இறங்கினேன். எதிர் வீட்டுப் பரிமளா தன் குடத்தைக் கீழே வைத்துவிட்டே கேட்டாள். "இன்னா மாமு, காலங்காத்தால பட்டு வேட்டி? ரெண்டாவது சம்பந்தம் பேசிகீறியா? அக்காவுக்குத் தெரியுமா?" வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தூக்கியதில், நிரம்பிய குடத்தில் பாதி வேட்டி மேலேயே கொட்டிவிட்டது. என் துணியெல்லாம் ஒரேயடியாக ஈரமானது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் என்ன செய்வேன் என்று உனக்கே தெரியும். ஒரு ஜோக்கடித்துவிட்டு, "சரி வெச்சிடறேன்" என்று நழுவிவிடுவேன். எழுத உட்கார்ந்தால் நழுவ முடியாது.

போன மாதம் நீ ஓசூரிலிருந்து போன் செய்து, "அப்பா, அந்தப் பழைய மெஷினைத் தூக்கிப் போட்டுடலாம்ப்பா, துவைக்கிறதும் காயவைக்கிறதும் ஒண்ணா இருக்கிற மாதிரி புதுசு வந்திருக்கு, நான் வாங்கி அனுப்பறேன்" என்றாய். நான் உன்னை எவ்வளவு நேரம் கேலி செய்தேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். "வெயில் ஓசியா கெடைக்கிற ஊர்ல துணி காயவைக்க மெஷினா? இன்னும் கொஞ்ச நாள் போனா சோறு ஊட்டி வுட மெஷினு வாங்குவ போல" என்றேன். நம் வீட்டுக் குழாயில் அழுத்தம் கிடையாது, மெஷினை வைத்தால் குளியலறைக்குப் போக வழி இருக்காது என்று வரிசையாகச் சொன்னேன். வெயில் ஓசிதான், சரி. ஆனால் எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து காற்று அடித்தால் மாடியில் காய்கிற வெள்ளைச் சட்டையில் மிளகுத்தூள் தூவினதுபோல் கரும்புள்ளி வந்து உட்காருகிறதே, அதை உங்கம்மா மறுபடி மறுபடி அலசுகிறாளே, அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டேன். கடைசியாக, "நான் கைவெச்ச மெஷினுடா அது, இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்று பெருமையாக முடித்தேன். நான் கைவைத்த மெஷின்.

நடந்தது இதுதான். உன் சித்திக்குக் கண்ணில் ஆபரேஷன் என்று உங்கம்மா இரண்டு நாள் காத்திவாக்கம் போயிருந்தாள். முந்தாநாள் காலை, போட்டுக்கொள்ளத் துவைத்த துணி ஒன்றும் இல்லை. இருபத்தாறு வருஷமாகச் சாத்தாங்காட்டு இரும்புக் கிடங்கில் மேஸ்திரியாக இருக்கிறவன், டன் கணக்கில் தகடு இறக்கி ஏற்றுகிறவன், ஒரு பக்கெட் துணி துவைக்க மாட்டேனா என்று கிளம்பினேன். மெஷின் வீட்டுக்கு வந்து பதினாலு வருஷம். அதில் நான் துணி போட்டது அன்றுதான் முதல் தடவை. பெல்ட் மாற்றியிருக்கிறேன், குழாய் மாற்றியிருக்கிறேன், துணி மட்டும் போட்டதில்லை. இருந்த அழுக்கு எல்லாவற்றையும் ஒரேயடியாக உள்ளே திணித்தேன். மெஷினுக்கு முன்னால் ஒரு மரப்பலகை கிடந்தது. பக்கெட்டோடு நடக்க இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதைக் காலால் ஓரமாகத் தள்ளினேன். பக்கத்தில் பச்சை வார் போட்ட ரப்பர் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. அதையும் தள்ளினேன். வெறும் காலோடு, கொட்டின தண்ணீர் மேலேயே நின்றுகொண்டு, சுவிட்சைப் போட்டுவிட்டு, துணியை அமுக்கிவிடலாம் என்று ஈரக் கையால் அந்தத் தகர விளிம்பைப் பிடித்தேன்.

பிடித்தேன் என்று எழுதுகிறேன். உண்மையில் அதுதான் என்னைப் பிடித்தது. தோள் வரை யாரோ சம்மட்டியால் அடித்ததுபோல் இருந்தது. கத்தக்கூட வரவில்லை. என்ன ஆனது என்று தெரிவதற்குள் தண்ணீர் டிரம் மேல் போய் முதுகு மோதிக் கீழே விழுந்து கிடந்தேன். பக்கெட் உருண்டு வாசல்படி வரை போனது. மெஷின் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் என் கைலிகளைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தக் கிட்டே போகவே பயம். தவழ்ந்துகொண்டே கூடத்துக்குப் போய் மெயினை அணைத்தேன். வீடே அடங்கிப்போனது. அப்போது எனக்கு முதலில் வந்தது கோபம்தான் நைனா, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். இவ்வளவு பெரிய ஆபத்தை வைத்துக்கொண்டு உங்கம்மா, இந்தத் தனம், ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கோபம். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் குளியலறை வாசலில் அந்தப் பலகை தெரிந்தது. நடுவில் இரண்டு பாதம் நின்று நின்று தேய்ந்த இடம் மட்டும் வழவழவென்று பளபளத்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவள் சொன்னாள். அந்தப் பலகையைக் கொண்டுவந்து போட்டவனே நான்தான்.

உனக்கும் ஞாபகம் இருக்கும். நீ பிளஸ் ஒன் படிக்கும்போது ஸ்கூல் சட்டையை எடுக்கப் போய், மெஷினைத் தொட்டுவிட்டு "அம்மா" என்று துள்ளி ஓடி வந்தாய். நான் பரிமளாவின் புருஷனை வைத்துக்கொண்டு உன்னைப் பார்த்துச் சிரித்தேன். "ஆம்பளப் புள்ள, எறும்பு கடிச்சா மாதிரி கீது, இதுக்கா இந்தக் கூவு கூவுற" என்றேன். அன்றைக்கு உன் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. உங்கம்மா அன்று சாயங்காலமே, "எனக்கும் ஒரு மாசமா புடிக்குதுங்க, ஒரு ஆள இட்டாந்து காட்டுங்க" என்றாள். நான் ஆளைக் கூட்டி வரவில்லை. கிடங்கில் தகடுகளுக்கு இடையே வைக்கிற கட்டையில் நல்லதாக ஒன்றைப் பார்த்து, அறுத்து, இழைத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். "இதும்மேல நின்னு துவை, ஒண்ணும் பண்ணாது" என்றேன். பிரச்சினையைத் தீர்த்துவிட்ட திருப்தியில் இரண்டு டீ குடித்தேன். அதோடு எனக்கு அது மறந்துவிட்டது. அவளுக்கு மறக்க வழியில்லை. பன்னிரண்டு வருஷம், தினமும், அந்தப் பலகை மேல் ஏறி, ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, மரக்குச்சியால் துணியை எடுத்திருக்கிறாள். அந்தச் செருப்பைப் பார்த்து, "இன்னா மகாராணி, குளிக்கற ரூமுக்குத் தனிச் செருப்பா" என்று கிண்டல் செய்ததும் நான்தான். உங்கம்மா பீரோ, பிரிட்ஜ், இரும்புக் குழாய் எதுவானாலும் முதலில் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிடிப்பாள் இல்லையா? நீகூட, "அம்மா பீரோவுக்கு ஜுரம் பாக்குது" என்று கேலி செய்வாய். ஜுரம் பார்க்கவில்லை. கரண்ட் பார்த்திருக்கிறாள்.

கிடங்கில் நான் எப்படிப்பட்டவன் தெரியுமா? ஹெல்மெட் இல்லாமல் கிரேன் கிட்டே ஒருத்தனை நிற்க விடமாட்டேன். செருப்போடு வந்த ஒருத்தனை, "ஷூ போட்டுகினு வா, இல்லாட்டி வூட்டுக்குப் போ" என்று அரை நாள் வேலையை வெட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பாதுகாப்பு தினத்தில் மேடையில் ஏற்றி எனக்கு ஓர் எவர்சில்வர் கேரியர் கொடுத்தார்கள். நான் தினமும் சோறு கொண்டுபோவது அதில்தான். பலகையிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதில் சோற்றைக் கட்டிக் கொடுத்தவள் உங்கம்மா.

தொண்டியார்பேட்டையிலிருந்து இதாயத் பாய் முந்தாநாள் சாயங்காலமே வந்தார். மெஷின் ரிப்பேரில் நம் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வயசு அறுபதுக்கு மேல், வாயும் அதே அளவு நீளம். மெயினைப் போடச் சொல்லி, தான் ஒரு ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டு, டெஸ்டரை மெஷினின் உடம்பில் வைத்தார். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. மேலே வைத்தார், பக்கத்தில் வைத்தார், எங்கே வைத்தாலும் எரிந்தது. உப்புக்காற்றிலும் உப்புத் தண்ணீரிலும் அடியில் எல்லாம் அரித்துப்போய் மோட்டார் கரண்ட் நேராகத் தகரத்துக்கு வருகிறது என்றார். டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், இதுல யாரு துவைக்கிறாங்கோ?"

"வூட்லதான் பாய்."

"வூட்லன்னா?"

"எம் பொண்டாட்டி."

"எத்தினி வருசமா இப்டி கீது?"

"பன்னெண்டு இருக்கும்."

பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "யா அல்லா! அந்தம்மா இன்னும் உசுரோட கீதா?"

"இங்கதான் கீறேன் பாய். டீ போடட்டா?"

உங்கம்மா. காத்திவாக்கத்திலிருந்து வந்து, கையில் பையோடு எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பாய் ஸ்டூலிலிருந்து விழாத குறை. என்னைப் பார்த்தாள், என் முழங்கையில் இருந்த காயத்தைப் பார்த்தாள், ஓரமாகத் தள்ளிக் கிடந்த பலகையைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. "தள்ளி வெச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

பாய் மெயினை அணைக்கச் சொல்லிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை எழுதத்தான் பேனா தயங்குகிறது. அந்த மூணு கால் பிளக்கில் பெரிய காலைக் காணோம். மொட்டையாக அறுத்திருந்தது. கரண்ட் எங்கேயாவது கசிந்தால் ஆளைப் பிடிக்காமல் மண்ணுக்குப் போய்விட வேண்டும் என்று வைத்திருக்கிற கால் அதுதான் என்று பாய் சொன்னார். அதை அறுத்தது நான். மெஷின் வந்த அன்றைக்கு நம் சுவரில் இருந்தது ரெண்டு ஓட்டை சாக்கெட். புது சாக்கெட் வைக்க ஆள் தேட வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. வீட்டுக்கு முதல் மெஷின் வந்திருக்கிறது, பரிமளா வீட்டார் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்து நிற்கிறார்கள், உடனே ஓட்டிக் காட்ட வேண்டும். உள்ளே போய் ஆக்ஸா பிளேடை எடுத்து வந்தேன். பிளக்கை ஆடாமல் பிடித்துக்கொண்டவள் உங்கம்மா. "அறுத்துட்டா ஒண்ணும் ஆவாதா?" என்று கேட்டாள். நான் ரொம்பத் தெரிந்தவன் மாதிரி, "மூணாவது காலு சும்மா அழகுக்கு வெச்சதுடி" என்றேன். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மெஷின் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"எந்தக் கய்தடா இத்த அறுத்தது?" என்று பாய் கத்தினார். "எவன்னு சொல்லு சார், அவன் கையில இத்தயே குடுத்து ஈரத் தரையில நிக்க வெக்கிறேன்."

நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வருவதற்குள் உங்கம்மா முந்திக்கொண்டாள். "வாங்கும்போதே அப்டிதான் இருந்திச்சு பாய்."

"இன்னாம்மா பேசற? கடையில அறுத்தா குடுப்பான்?"

"நாங்கோ அப்ப கண்டுக்கல பாய். நீ டீய குடி, ஆறுது."

பாய் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவ்வளவுதான் உன் அப்பனின் வீரம்.

பாய் போன பிறகு நடந்ததை நீ ரேவதியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. கல்யாணமாகி அவள் இங்கே இருந்த பன்னிரண்டு நாளில், ஒரு நாள் காலையில் துவைக்கிற துணியை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் போனாள். உங்கம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "தொடாத!" என்று கத்தி, பக்கெட்டைப் பிடுங்கினாள். சித்தி, மாமா எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் கண் அப்படியே நிறைந்துவிட்டது. அன்றைக்குப் போனவள் மறுபடி வரவில்லை. அத்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை, என் கை பட்டால் தீட்டு மாதிரி நினைக்கிறார்கள் என்று அவள் சொன்னதாக நீ போனில் சொன்னபோது நான் என்ன பதில் சொன்னேன்? "உங்கம்மா சுபாவம் அப்படிடா, அவ பொருள யாரையும் தொட வுட மாட்டா" என்றேன். நீயும் நம்பினாய். தீபாவளிக்கு நீங்கள் வராததற்கும் அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும், உங்கம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முந்தாநாள் ராத்திரி, பாய் போன பிறகு கேட்டேன். "மெஷினு ஷாக் அடிக்குதுன்னு அந்தப் பொண்ணாண்ட சொல்லியிருக்கலாமே தனம்?"

ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள். "சொன்னா, ஏன் அடிக்குதுன்னு கேப்பா. அப்றம் ஏன் சரி பண்லன்னு கேப்பா. வந்து நாலு நாளு ஆன பொண்ணு முன்னால உம் மானத்த வாங்கச் சொல்றியா? அவ என்னத் தப்பா நெனச்சா நெனச்சிட்டுப் போறா. உசுரோட கீறா இல்ல, அது போதும்."

நைனா, எனக்கு அன்றைக்கு இரண்டாவது தடவை தூக்கிப் போட்டது. இந்தத் தடவை எந்தத் தகரத்தையும் நான் தொடவில்லை. என் மானத்துக்காக ஒருத்தி தன் பிள்ளையிடமும் மருமகளிடமும் கெட்ட பேர் வாங்கிக்கொண்டு, ஒரு தீபாவளியைத் தனியாகக் கழித்திருக்கிறாள். நான் அவள் சுட்ட அதிரசத்தைத் தின்றுகொண்டே, "நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருந்தா புள்ளைங்க வந்திருக்கும்" என்று உபதேசம் செய்தேன். ரேவதியிடம் சொல்: அத்தை அன்று பிடுங்கியது பக்கெட்டை இல்லை, அவளைத்தான். நானாக எழுதுகிறேன், உங்கம்மா சொல்லி இல்லை. தெரிந்தால் என்னைத் திட்டுவாள்.

இனி மெஷின் விஷயம். இன்று பதினோரு மணிக்கு நானும் உங்கம்மாவும் தேரடிக்குப் பக்கத்தில் இருக்கிற கடைக்குப் போனோம். நான் இதே பட்டு வேட்டியில். கடைக்காரர் ஓடி வந்து, "வாங்க சார், கல்யாணச் சீருங்களா? பொண்ணுக்கா?" என்றார். உங்கம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நீ சொன்னதுபோல் துவைத்துக் காயவைத்தும் தருகிற மெஷினைக் காட்டினார். மாடித் தொட்டியிலிருந்து தனிக் குழாய் இழுத்தால் அழுத்தம் போதுமாம். போர் தண்ணீர் ஊற்றக்கூடாது, குடிக்கிற தண்ணீர்தான் விட வேண்டுமாம். பழைய மெஷின் இருந்த இடத்திலேயே இது அடங்கும், நான் சாண் போட்டு அளந்தேன். மழைக்கும் கவலையில்லை, காற்றில் வருகிற கரிக்கும் கவலையில்லை. நான் உன்னிடம் அடுக்கிய காரணம் ஒவ்வொன்றும் கால் மணி நேரத்தில் உதிர்ந்துவிட்டது. அவர் இருபது பட்டனையும் விளக்கி முடித்துவிட்டு, "வேற ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார். உங்கம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இதுங்கிட்ட செருப்பு இல்லாம நிக்கலாமாங்க?"

அவருக்குப் புரியவில்லை. "கோயில்ல நிக்கிறாப்ல நிக்கலாம்மா" என்று சிரித்தார். உங்கம்மா சிரிக்கவில்லை. அங்கேயே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். ஓடிக்கொண்டிருந்த மெஷினிடம் போய் நின்றாள். முதலில் புறங்கையால் லேசாகத் தொட்டாள், உடனே எடுத்துக்கொண்டாள். மறுபடி தொட்டாள். பிறகு உள்ளங்கையை முழுசாக அதன் மேல் வைத்து, எடுக்காமல் அப்படியே நின்றாள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "பழசு ரிப்பேருங்களா சார்?" என்று கேட்டார். இப்போதும் அவள்தான் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள். "இல்லீங்க, அது நல்லாதான் ஓடிச்சு. பையன் ஆசைப்படறான்."

அதனால் நைனா, உன் ஆசைப்படியே வாங்கி அனுப்பு. ஆனால் அடுத்த வாரம் அனுப்பாதே, பத்து நாள் பொறு. பாய் வந்து வாசலில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, எர்த் கம்பி இறக்கி, வீட்டு வயரிங் முழுவதையும் பார்த்துத் தரப்போகிறார். அது முடியாமல் புது மெஷின் உள்ளே வரக்கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். உன் வீட்டிலும் இன்றைக்கே ஒவ்வொரு பிளக்கையும் பிடுங்கிப் பார். எத்தனை கால் இருக்கிறது என்று எண்ணிப் பார். ஷாக் அடிக்கிறது என்று ரேவதி சொன்னால் பலகை தேடிப் போகாதே. பிளஸ் ஒன் பையனைப் பார்த்துச் சிரித்த அப்பனுக்கு உன்னிடம் சொல்ல வேறு புத்திமதி கிடையாது. மெஷின் வருகிற அன்று நீங்களும் வாருங்கள். முதல் துணியை ரேவதி போட வேண்டும் என்று உங்கம்மா சொல்கிறாள். இதை மட்டும் அவளே உனக்கு எழுதச் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவள் ஜன்னல் ஓரம். முன் சீட்டுக் கம்பியைப் பிடிக்கப் போனாள். வழக்கம்போல் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிடித்தாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். நம் ஸ்டாப் வரைக்கும் ஒரு வாக்கியம் என் வாய் வரை வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்தது. பாய் கேட்டபோது வராதது, கடைக்காரர் கேட்டபோதும் வராதது. அவளுக்கு அது தெரியாத சேதி இல்லை. ஆனாலும் என் வாயால் அவள் கேட்க வேண்டியது அது. ஸ்டாப் வந்தது, இறங்கினோம், வீட்டுக்கு வந்தோம். அவள் சோறு வைக்கப் போனாள், நான் இதை எழுத உட்கார்ந்தேன். இன்னும் சொல்லவில்லை.

மூணாவது காலு அழகுக்கு வெச்சது இல்ல, தனம்.